முதலாண்டு டிசைன் வகுப்பில் நிலைத்தன்மை: எந்த வழி நம் கல்லூரிக்குச் சரிவரும்?

பொறியியல் மாணவர்களுக்குச் சஸ்டைனபிலிட்டியை, அதாவது நிலைத்தன்மையை, சொல்லித்தர வேண்டுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அங்கீகார விதிகளே அதற்குப் பதில் சொல்லிவிட்டன. 2014 ஜூனில் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டி நாம் சுமந்துவந்த 12 புரோகிராம் அவுட்கம்களில் (படிப்பை முடிக்கும் மாணவரிடம் இருக்க வேண்டிய திறன்கள்) ஏழாவது, சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும். சர்வதேசப் பொறியியல் கூட்டணி 2021ல் தன் பட்டதாரிப் பண்புகளைத் திருத்தியபோது இன்னொரு படி மேலே போனது. டிசைன் பற்றிய வரிக்குள்ளேயே முழு ஆயுள் செலவையும் நிகர பூஜ்ய கார்பனையும் நுழைத்துவிட்டது. சுற்றுச்சூழலை ஒரு தனிப் பெட்டியில் போட்டு மூடிவைக்க இனி வழியில்லை. வரைகிற கை அதையும் யோசித்துத்தான் வரைய வேண்டும்.

அப்புறம் இருக்கிற கேள்விகள் நடைமுறை சார்ந்தவை. முதலாண்டிலேயே தொடங்குவதா, காத்திருப்பதா? யார் எடுப்பது? எந்த நேரத்தில்? துறைக் கூட்டங்களில் இந்த அஜெண்டா பெரும்பாலும் கடைசியில் வரும், டீ வந்த பிறகு. "ஒரு கெஸ்ட் லெக்சர் வைத்துவிடலாம் சார்" என்று யாராவது சொல்ல, அதோடு முடியும். அப்படி முடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து யோசிக்க நினைக்கிற துறைகளுக்காக, நடப்பில் இருக்கும் நான்கு வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். தனிப் பாடமாக வைப்பது, ஊர் சார்ந்த பிராஜெக்ட் கொடுப்பது, இருக்கும் லேப்பிலும் கிராபிக்ஸிலும் கணக்கோடு சேர்த்துவிடுவது, மதிப்பீட்டு ரூப்ரிக்கில் (எதற்கு எவ்வளவு மார்க் என்ற அட்டவணை) நிலைத்தன்மைக்கும் மார்க் ஒதுக்குவது. என் சாய்வு மூன்றாவதன் பக்கம். ஏன் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

தனிப் பாடம்

நமக்கு மிகவும் பழகிய வழி இதுதான். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991ல் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வழிகாட்டியது. 2003ல் மறுபடி அழுத்திச் சொன்ன பிறகு யுஜிசியின் ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் அது சுற்றுச்சூழல் அறிவியலும் நிலைத்தன்மையும் என்ற 2 கிரெடிட் பாடமாக, பெரும்பாலான கிளைகளுக்கு நான்காம் செமஸ்டரில் இருக்கிறது. பல்லுயிர், மாசு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல், கார்பன் தடம், வட்டப் பொருளாதாரம், சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14000 வரிசை, ஒரு பொருள் உருவாவது முதல் குப்பையாவது வரையான பாதிப்பை அளக்கும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று எதையும் விடவில்லை.

இந்த வழியை ஒரேயடியாக ஏளனம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மாணவர்கூட விடுபடாமல் எல்லோரையும் போய்ச் சேரும் ஒரே வழி இதுதான். ஒர்க்‌ஷாப் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம், ஊர் ஊராக அலைய வேண்டாம். ஆசிரியர் மாறினாலும் சிலபஸ் மாறாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பாடத்தில் மாணவர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டின் நான்கு கட்டங்களை விளக்குக என்று கேட்டால் நோக்கமும் எல்லையும், இருப்புப் பட்டியல், தாக்க மதிப்பீடு, விளக்கம் என்று நான்கு கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, மார்க் வாங்கிவிடுவார். ஒரு பொருளை எடுத்து, அதற்கு எந்த அளவில் கணக்குப் போடுவது என்று ஒருமுறைகூட முடிவெடுத்திருக்க மாட்டார். பல கல்லூரிகளில் பாடம் எடுப்பவர் வேதியியல் துறைக்காரர். நீரின் கடினத்தன்மையையும் பிஓடியையும் (கழிவுநீரின் ஆக்சிஜன் தேவை) அவர் அருமையாக நடத்துவார். மோட்டாருக்கு எந்த உலோகம், எந்த மூட்டு என்பது அவருடைய தொழில் இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, நான்காம் செமஸ்டர் வருவதற்குள் கிராபிக்ஸும் ஒர்க்‌ஷாப்பும் முடிந்து, டிசைன் என்றால் பலமும் விலையும் மட்டும்தான் என்று மாணவர் மனதில் பதிந்துவிடுகிறது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தின் ஏபிஜே அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் 2015 திட்டத்தில் நிலைத்தன்மைப் பொறியியலுக்கு ஓர் அறிமுகப் பாடத்தை முதலாண்டிலேயே, கிரெடிட்டோடு வைத்தது. டிசைன் அறிமுகமும் அதே ஆண்டில் தனிப் பாடமாக இருந்தது. நல்ல ஜோடி. 2019 திட்டத்தில் இரண்டுமே இரண்டாம் ஆண்டுக்குப் போயின, நிலைத்தன்மை கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடமானது. நிர்வாகத்துக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் கிரெடிட் இல்லாத பாடத்தை மாணவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது வகுப்பெடுக்கும் எவருக்கும் தெரியும். தனிப் பாடமாக நிற்கும் எதற்கும் இந்த ஆபத்து உண்டு. அடுத்த ரெகுலேஷனில் கிரெடிட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் கைவைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊர்ப் பிராஜெக்ட்

கேட்கும்போது மனசுக்கு மிகவும் பிடிக்கும் வழி இது. ஆஸ்திரேலியாவின் எல்லையற்ற பொறியாளர்கள் அமைப்பு 2007ல் முதலாண்டு மாணவர்களுக்கென ஒரு சவாலைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் ஊர். அந்த ஊரின் தண்ணீர், வீடு, எரிபொருள், கழிவு பற்றிய விவரங்களை ஓர் உள்ளூர் அமைப்பு திரட்டிக் கொடுக்கும். பல பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவர்கள் குழுக்குழுவாக அதற்குத் தீர்வு வடிவமைப்பார்கள். 2011ல் எடுத்துக்கொண்ட ஊர் நம்முடையது. விழுப்புரம் மாவட்டத்துத் தேவிகுளம், உடன் நின்றது ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனம். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 1995ல் தொடங்கிய எபிக்ஸ் திட்டமும் இதே குடும்பம்தான். அங்கே உள்ளூர்த் தொண்டு அமைப்புகளோடு மாணவர் குழு பல செமஸ்டர்களுக்குத் தொடர்ந்து வேலை செய்யும். ஒரு பேட்ச் விட்ட இடத்தில் அடுத்த பேட்ச் எடுத்துக்கொள்ளும்.

இந்த வழி தரும் ஒன்றை வேறெந்த வழியும் தராது. நிலைத்தன்மை என்றால் கார்பன் மட்டும் என்ற குறுகிய பார்வை இதில் உடையும். சோலார் தெருவிளக்கு வைக்கலாம் என்று குழு சொல்லும். லெட் ஆசிட் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடத்தில் செத்துப்போகும். புதியது வாங்கப் பணம் யார் தருவது, பஞ்சாயத்தா, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலா? பழைய பேட்டரியை யார், எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத டிசைன், வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கம்பத்தில் துருப்பிடிக்கப் போகிறது. ஊருக்குப் போய் நின்றால் ஒரு பெரியவரே இதைக் கேட்டுவிடுவார். வகுப்பில் நாம் கேட்பதைவிட அது ஆழமாக இறங்கும்.

நமக்குச் சாதகமும் இருக்கிறது. மெல்போர்ன் மாணவர் தேவிகுளத்தைப் படத்தில்தான் பார்த்தார். நம் மாணவருக்குக் கிராமம் டவுன் பஸ் தூரம், பலருக்கு அதுவே சொந்த ஊர். என்எஸ்எஸ் சிறப்பு முகாம் ஏழு நாள் நடக்கிறது. மத்திய அரசின் கிராம மேம்பாட்டுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரிகள் ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கின்றன. வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

ஆனாலும் முதலாண்டுக்கு, அதுவும் எல்லோருக்கும், இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு செக்‌ஷனுக்கு 60 பேர். ஐந்தாறு செக்‌ஷன் இருக்கும் கல்லூரியில் முந்நூறு பேரை ஒரு ஊருக்குள் இறக்கிவிட்டால் அது படிப்பு இல்லை, படையெடுப்பு. ஊர்க்காரர்கள் முதல் வருடம் டீ கொடுப்பார்கள், இரண்டாம் வருடம் "போன வருஷம் எழுதிக்கிட்டுப் போனீங்களே, என்னாச்சு?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தானே? ஆஸ்திரேலியத் திட்டம் ஓடுவதற்குக் காரணம் நடுவில் ஓர் அமைப்பு நின்று விவரத்தைத் திரட்டி, வரும் யோசனைகளைச் சலித்து எடுப்பது. எபிக்ஸ் நிற்பதற்குக் காரணம் தொடர்ச்சி. இரண்டும் இல்லாமல் ஒரு செமஸ்டர் ஓட்டம் ஓடினால் கிடைப்பது போட்டோவும் பேனரும்தான். மாணவருக்கும் இன்னும் ஒரு பம்பின் பவரைக் கணக்கிடத் தெரியாது. நல்ல கேள்வியோடு திரும்பி வருவார், பதில் தேடக் கையில் கருவி இருக்காது. மூன்றாம் ஆண்டில், விருப்பமுள்ள இருபது முப்பது பேருக்கு, ஒரே ஊரோடு பல வருட உறவு வைத்துச் செய்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

கழற்று, அள, கணக்குப் போடு

இப்போது என் சாய்வுக்கு வருகிறேன். புதுப் பாடம் எதுவும் இல்லாமல், இருக்கும் ஒர்க்‌ஷாப்பிலும் கிராபிக்ஸிலும் நிலைத்தன்மையை ஓர் எண்ணாகக் கொண்டுவருவது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் அஃபிலியேட்டட் கல்லூரிகள் சிலபஸைத் தொட முடியாது என்பது நிஜம்தான். ஆனால் அந்தச் சிலபஸை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 2021 ரெகுலேஷனின் பொறியியல் செய்முறை ஆய்வகத்தில் ஃபேன் ரெகுலேட்டர் பற்றிய ஆய்வு இருக்கிறது, ரெசிஸ்டர் வகையும் எலக்ட்ரானிக் வகையும் பக்கத்துப் பக்கத்தில். அயர்ன் பாக்ஸ் இருக்கிறது. எனர்ஜி மீட்டர் இருக்கிறது. எல்இடி டிவியையும் கம்ப்யூட்டரையும் கழற்றிப் பூட்டுவது இருக்கிறது. ஷீட் மெட்டல் இருக்கிறது. நிலைத்தன்மைக்கு இதைவிட நல்ல ஆய்வகம் வேண்டுமென்றால் தனியாகக் கட்ட வேண்டும்.

இன்று அந்த ரெகுலேட்டர் பரிசோதனை எப்படி நடக்கிறது? சர்க்யூட் வரைந்து, இரண்டின் வித்தியாசத்தை நான்கு வரி எழுதி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. அதே மேசையில் மீட்டரையும் சேர்த்துவிடுங்கள். எலக்ட்ரானிக் மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். மீட்டரில் யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருந்தால், 75 வாட் விசிறி முழு வேகத்தில் ஓடும்போது பத்து நிமிடத்தில் 40 முறை சிமிட்ட வேண்டும். பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு 16 முறை. மாணவர் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணிவிடலாம். அடுத்து வேகத்தைக் குறைத்து, இரண்டு ரெகுலேட்டர்களிலும் மறுபடி எண்ணட்டும். ரெசிஸ்டர் ரெகுலேட்டரின் பெட்டி மேல் கை வைத்துப் பார்க்கட்டும். விசிறிக்குப் போகாத மின்சாரம் எங்கே போகிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். பக்கம் பக்கமாக ஆற்றல் சிக்கனம் எழுதினாலும் இது வராது.

இனி காகிதத்தில். விசிறி நாளுக்கு 10 மணி நேரம் வீதம் வருடம் முழுக்க ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 வாட்டுக்குச் சுமார் 274 யூனிட், 30 வாட்டுக்குச் சுமார் 110. மிச்சம் 164 யூனிட். நம் நாட்டு மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு 115 கிலோ. விசிறியைச் செய்யும்போது ஆன கார்பன் செலவு? நாலு கிலோ உலோகம், கிலோவுக்கு 10 கிலோ கார்பன் என்று தாராளமாகவே போடுவோம், 40 கிலோ. ஆக, நன்றாக ஓடும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாலும், கார்பன் கணக்கில் நாலைந்து மாதத்தில் கட்டுப்படியாகிவிடும்.

இங்கேயே நிறுத்தினால் அது பிரசாரம். டிசைன் வகுப்பு இதற்கு அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒற்றை விசிறி, இரண்டு விளக்கு, ஒரு டிவி இருக்கும் வீட்டில் அந்த 75 வாட் விசிறி இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்தான் தின்னும். அந்த வீட்டுக்குக் கரண்ட் பில்லே வராது. பிஎல்டிசி விசிறிக்கோ கடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. கார்பன் மிச்சமாகும், ஆனால் வாங்குபவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அப்புறம் அவர் ஏன் வாங்க வேண்டும்? விலையைக் குறைப்பதா, அரசு மானியம் கேட்பதா, வேறு மாதிரி மோட்டார் யோசிப்பதா?

இன்னொரு முனையும் உண்டு. பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் தெரு எலக்ட்ரீஷியன் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றிவிட்டுப் போவார். காயில் எரிந்தால் ரீவைண்டிங் கடை இருக்கிறது. பிஎல்டிசியில் போர்டு போனால்? அதே கம்பெனியின் அதே மாடல் போர்டு கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் நல்ல காந்தமும் செம்பும் காயலான் கடைக்குப் போகும். குறைந்த மின்சாரமா, எளிய பழுதுநீக்கமா? இரண்டும் நிலைத்தன்மைதான், இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. 18 வயது மாணவர் இந்த முட்டலை ஒருமுறை தன் கையால் தொட்டுவிட்டால் போதும், "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத அவருக்கே கூச்சமாகிவிடும்.

கழற்றிப் பூட்டும் பரிசோதனைகளுக்கும் இதே மாதிரி செய்யலாம். பிரான்சில் 2021ல் ஸ்மார்ட்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் மேல் பழுதுநீக்கக் குறியீட்டைப் பத்துக்கு இவ்வளவு என்று போடுவது கட்டாயமானது. கையேடு கிடைக்கிறதா, கழற்ற எளிதா, உதிரிபாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பவை அதன் அளவுகோல்கள், கூடவே அந்தந்தப் பொருளுக்கான தனி அளவுகோல் ஒன்று. நம் அரசும் 2022 கடைசியில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. லேப்பில் டிவியைக் கழற்றும் குழு அதே அளவுகோல்களில் மார்க் போடட்டும். எத்தனை ஸ்க்ரூ, எத்தனை வகை ஸ்க்ரூ, எங்கே பசை, எங்கே கிளிப், எது உடையாமல் வரவில்லை. பசை போட்டு ஒட்டிய இடத்தில் திட்டிக்கொண்டே கழற்றும் மாணவர், நாளைக்குத் தன் டிசைனில் பசையை அவ்வளவு சுலபமாக எழுத மாட்டார்.

கிராபிக்ஸ் ஹாலிலும் ஒரு வாய்ப்பு சும்மா கிடக்கிறது. டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேஸஸ் யூனிட்டில் பட்டகத்தையும் கூம்பையும் விரித்து வரையச் சொல்கிறோம், ஷீட்டில் வரைந்ததோடு சரி. ஒர்க்‌ஷாப்பில் அதே மாணவர் ட்ரே செய்கிறார். இரண்டையும் கோர்த்துவிட்டால் என்ன? 220க்கு 140 மில்லிமீட்டர் அடிப்பாகம், 40 மில்லிமீட்டர் உயரம் உள்ள ட்ரேயை விரித்தால் 300க்கு 220 வரும், மடிப்பு ஓரத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கடையில் கிடைக்கும் எட்டடிக்கு நாலடி ஜிஐ ஷீட் 2440க்கு 1220. நீளவாக்கில் 300 வரும்படி அடுக்கினால் 40 ட்ரே கிடைக்கும். அதையே திருப்பி, நீளவாக்கில் 220 வரும்படி வைத்தால் 44. ஷீட்டில் 89 சதவீதம் பயன்பட்டது 98 ஆகிவிட்டது, பைசா செலவில்லை. இந்த விஷயத்தைத் தையல்காரர் துணியைப் பார்த்ததும் செய்துவிடுவார், நாம் நான்கு வருடம் படித்தவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை. ட்ரேயின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால், குறைத்தால் எண்ணிக்கை எப்படித் தாவுகிறது என்று பார்க்கச் சொன்னால், பரிமாணத்தை முடிவு செய்வதே ஒரு சுற்றுச்சூழல் முடிவு என்பது தானாகப் பிடிபடும்.

இந்த வழியிலும் பள்ளம் இல்லாமல் இல்லை. எண் வந்துவிட்டால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலாளர் மார்ட்டின் ஹாக்கிங் 1991ல் காகிதக் கோப்பையையும் பாலிஸ்டைரீன் கோப்பையையும் ஒப்பிட்டு எழுதினார். காகிதம் என்பதாலேயே அது மேலானதாகிவிடாது என்று அவர் கணக்குக் காட்டியதும் மறுப்புக் கடிதங்கள் வந்தன. எல்லையை எங்கே போட்டாய், குப்பையில் போன பிறகு என்ன ஆகும் என்று எடுத்தாய் என்று வாதம் நீண்டது. மாணவருக்கு இதைச் சொல்ல வேண்டும். விசிறிக் கணக்கில் 10 மணி நேரம் என்பதை 3 ஆக்கினால் விடை எப்படி மாறுகிறது என்று போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் வந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் இருந்தது, கேன்டீன் எவர்சில்வர் டம்ளருக்குத் திரும்பினால் கழுவும் தண்ணீரும் வெந்நீரும் கணக்கில் எங்கே வருகின்றன என்று கேட்கலாம்.

மென்பொருள் வாங்கலாமா என்று கேட்பார்கள். ஓபன்எல்சிஏ இலவசம், கிராண்டா எடுபேக்குக்கு உரிமம் வாங்க வேண்டும், இரண்டும் நல்லவை. முதலாண்டுக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். மெனுவில் மூன்று கிளிக் செய்தால் வண்ண வண்ண வரைபடம் வந்துவிடும், உள்ளே எந்த நாட்டு மின்சாரத்தின் எண் ஓடுகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு பக்க எக்செல் ஷீட் போதும். ஊகங்களுக்குத் தனிக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ஏன் இந்த எண்?" என்று ஒரு வரி.

ரூப்ரிக்கில் மார்க்

நான்காவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரிவ்யூவில் நிலைத்தன்மைக்கு 10 மார்க் என்று ஒதுக்குவது ஐந்து நிமிட வேலை, அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. பாடம் எந்தத் திறனை வளர்க்கிறது என்று காட்டும் கோர்ஸ் அவுட்கம் மேப்பிங்கில் நிலைத்தன்மைக்கான கட்டத்தில் 2 என்று போட்டுவிடலாம், அங்கீகாரம் தரும் என்பிஏவுக்கான ஃபைல் நிறைந்துவிடும். அதற்குத் தகுந்தபடி மாணவரும் கடைசி ஸ்லைடில் ஒரு பச்சை இலைப் படத்தையும் ஐநாவின் 17 இலக்குகளில் நாலைந்து கட்டங்களையும் ஒட்டிவிடுவார். தனியாக இது எதையும் கற்றுத்தராது. மூன்றாவது வழியோடு சேர்த்தால் மட்டும் பல் முளைக்கும். அப்போது மார்க் "உகந்தது" என்ற வாக்கியத்துக்குக் கிடைக்காது. இரண்டு மாற்றுகளை எண்ணோடு ஒப்பிட்டு, எதை விட்டுக்கொடுத்தாய் என்று சொன்னால்தான் கிடைக்கும்.

யாருக்கு எது

பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் ஆட்டானமஸ் கல்லூரியாக இருந்து, முதலாண்டில் டிசைன் அறிமுகப் பாடம் ஒன்று ஏற்கெனவே இருந்தால், நிலைத்தன்மைக்கு இன்னொரு பாடம் திறக்காதீர்கள். இருக்கும் பாடத்தின் முதல் பிராஜெக்ட்டே ஒரு பொருளைக் கழற்றி, அளந்து, மாற்று சொல்வதாக இருக்கட்டும். பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸில் சுற்றுச்சூழல் பாடத்தை நான்காம் செமஸ்டரிலிருந்து முன்னால் இழுக்க முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள். முதலாண்டிலோ மூன்றாம் செமஸ்டரிலோ அது வந்தால், கையில் கணக்குப் போட்டவருக்கு அந்தத் தியரி பசியோடு சாப்பிடுகிற மாதிரி இருக்கும். வேதியியல் ஆசிரியரும் எந்திரவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு யூனிட்டை எடுத்தால் இன்னும் நல்லது, டைம்டேபிள் போடுபவர் சம்மதித்தால்.

அஃபிலியேட்டட் கல்லூரிக்கு முடிவு இன்னும் எளிது, ஏனென்றால் கையில் இருப்பது லேப் மட்டும்தான். தியரி வினாத்தாளை நாம் எடுப்பதில்லை, ஆனால் வைவாவில் கேட்பது நாம். ரெக்கார்டின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கடைசியில் அரைப் பக்கம் சேர்க்கலாம்: எவ்வளவு மின்சாரம், எவ்வளவு ஸ்கிராப், பழுதானால் யார் சரிசெய்வார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப்பே பலவீனமாக இருக்கும் கல்லூரிக்கும் கம்ப்யூட்டர் கிளைகள் மட்டும் பெருத்துவிட்ட கல்லூரிக்கும் கிராபிக்ஸ் ஷீட்டும் மீட்டர் சிமிட்டலும் போதுமான தொடக்கம். நல்ல தொண்டு அமைப்பு ஒன்று பக்கத்திலேயே இருந்து, பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும் தயாராக இருந்தால் ஊர்ப் பிராஜெக்ட்டை விடாதீர்கள், மேல் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் மிச்சம். லேப் நேரம் கூடப்போவதில்லை. எதையாவது சுருக்க வேண்டும், சுருக்கச் சொன்னால் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சண்டைக்கு வருவார், வரத்தான் செய்வார். அவரை முதலிலேயே கூட்டத்துக்கு அழைத்துவிடுவது உத்தமம். ஷீட்டை எந்தப் பக்கம் வெட்டினால் மிச்சமாகும் என்பது பேராசிரியர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், இந்தப் பகுதியை எடுக்கச் சரியான ஆளும் அவர்தான். செலவும் பெரிதில்லை. பிஎல்டிசி விசிறி ஒன்று மட்டும் புதிதாக வாங்கினால் போதும். கழற்றுவதற்கு ஹாஸ்டல் ஸ்டோரில் பழைய விசிறிகள் கிடக்கும், டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கும். அவற்றைத் துறைக்கு மாற்றித்தரச் சொல்லி, முதலாண்டு வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். இந்த வேலைகளிலேயே அதிக நாள் பிடிப்பது அந்தக் கையெழுத்துதான்.